மிச்ச மாத்திரையை எடுத்து வைக்கலாமா?

கேள்வி: வேலை நிமித்தமாக மலேரியா அதிகமுள்ள பகுதியில் இருக்கிறேன். ஃபால்சிபாரம் வகை மலேரியா என்று சொல்லி ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் கூட்டு மாத்திரை 24 கொடுத்தார்கள். வேளைக்கு நான்கு வீதம் மூன்று நாள். இரண்டாம் நாள் காலையிலேயே காய்ச்சல் போய்விட்டது. மீதி 12 மாத்திரையை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாமா? கூடத் தங்கியிருக்கும் நண்பருக்கு மூன்று மாதத்துக்கு முன் வந்த வைவாக்ஸ் வகை மலேரியா திரும்ப வந்திருக்கிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, புது மருந்து வந்தால்தான் உண்டு என்கிறார். உண்மையா?

பதில்: எடுத்து வைக்காதீர்கள், மூன்று நாளும் சாப்பிட்டு முடியுங்கள். இதைப் படிக்கும்போது வேளை தவறி இடைவெளி விழுந்திருந்தால், உடனே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எப்படித் தொடர்வது என்று கேளுங்கள்.

காய்ச்சல் நின்றது என்றால் மலேரியா ஒட்டுண்ணி தீர்ந்தது என்று பொருள் இல்லை. சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு ஒட்டுண்ணிகள் கூட்டமாக வெளியேறும்போதுதான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. எண்ணிக்கை ஓரளவு இறங்கினாலே உடம்பு அமைதியாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். நோய் முற்றிய ஒருவர் உடம்பில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கலாம். அவற்றின் ஒரு வாழ்க்கைச் சுற்று சுமார் 48 மணி நேரம். உங்கள் மாத்திரையில் உள்ள ஆர்ட்டிமெத்தர் போன்ற ஆர்ட்டிமிசினின் குடும்பத்து மருந்து ஒரு சுற்றில் பத்தாயிரத்துக்கு ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கும். மலேரியாவுக்கு இவ்வளவு வேகமான மருந்து அபூர்வம். முதல் சுற்றில் ஒரு லட்சம் கோடி, பத்துக் கோடியாகிறது. மூன்று நாள் சாப்பிட்டால் இரண்டாவது சுற்றையும் அது தொடும். பத்துக் கோடி, பத்தாயிரமாகிறது. ஆனால் ஆர்ட்டிமெத்தர் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். மிஞ்சிய பத்தாயிரத்தைத் தீர்ப்பது, பல நாள் தங்கி மெதுவாக வேலை செய்யும் லூமிஃபான்ட்ரினின் பொறுப்பு.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? பத்தாயிரத்தைச் சமாளிக்க வேண்டிய லூமிஃபான்ட்ரின், பத்துக் கோடியை எதிர்கொள்ளும். அதுவும் பாதி அளவே உள்ளே போயிருக்கும். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைக்கும் வகை எதுவோ, அதுதான் பெருகும். உங்கள் பெட்டியில் இருக்கும் 12 மாத்திரையோ அடுத்த தடவைக்கும் அரை வைத்தியம்தான். இன்னொரு விஷயம், அவசரத்தில் பலர் சொல்லாமல் விடுவது: லூமிஃபான்ட்ரின் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது, கொழுப்புச் சத்துள்ள உணவோடுதான் சாப்பிட வேண்டும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பச் சாப்பிட வேண்டியிருக்கும். சிகிச்சை தந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'உடம்பு பழகிவிட்டது' என்ற பேச்சை நானும் அடிக்கடி கேட்கிறேன். பழகுவது உடம்பு இல்லை, ஒட்டுண்ணி. அதுவும் பழகுவது என்பதுகூடச் சரியான சொல் இல்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது தற்செயலாக மரபணு மாறிய ஒன்றிரண்டு இருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று அவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. அப்புறம் கொசு அதை அடுத்த ஆளிடம் கொண்டு போகிறது. முதல் தடவையாக மலேரியா வரும் ஒருவருக்கே மருந்துக்கு மசியாத வகை தொற்றுவது இப்படித்தான்.

குளோரோகுயின் கதை இதற்கு நல்ல பாடம். 1934இல் ஜெர்மனியில் உருவான மருந்து. விலை மலிவு, பல பத்தாண்டுகள் உலகத்தையே தாங்கியது. ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைத் தின்னும்போது மிஞ்சும் 'ஹீம்' அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி ஓரமாக ஒதுக்கி வைத்துத்தான் அது பிழைக்கிறது. அந்தப் படிகமாக்கலைக் குளோரோகுயின் தடுத்தது. 1950களின் கடைசியில் தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் தோன்றிய வகைகள், மருந்தைத் தங்கள் செரிமானப் பையிலிருந்து வெளியே தள்ளக் கற்றுக்கொண்டன. 1970களின் இறுதியில் அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், மலாவி 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது அங்கே அது மறுபடி அருமையாக வேலை செய்தது. மருந்து இல்லாத இடத்தில் மாறிய வகைக்கு அந்த மாற்றமே பாரம். பழைய வகை முந்திக்கொண்டது. அதற்காகப் பழைய மருந்தைத் தூசி தட்டித் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மீண்டும் தனியாக இறக்கினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

சரி, ஆர்ட்டிமிசினின்? சீனாவில் 1967இல் தொடங்கிய ரகசியத் திட்டத்தில், பழைய மருத்துவ நூலின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானி து யூயூ கண்டெடுத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. இதற்கும் ஓரளவு எதிர்ப்பு வந்தாயிற்று. முதலில் மேற்குக் கம்போடியா, இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா. பெரும்பாலும் 'கெல்ச் 13' என்ற மரபணுவில் மாற்றம். ஆர்ட்டிமிசினின் விழித்துக்கொள்வதே ஒட்டுண்ணி செரிக்கும் ஹீமோகுளோபினிலிருந்து கிடைக்கும் ஹீமால்தான். மாறிய வகை, இளம் பருவத்தில் குறைவாகத் தின்று ஒடுங்கிக் கிடக்கிறது. சில மணி நேரம் போனால் மருந்து போய்விடும் என்பதுபோல. இதனால் ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து மறையத் தாமதமாகிறது. லூமிஃபான்ட்ரின் போன்ற கூட்டாளி மருந்து உறுதியாக இருக்கும் இடங்களில் நோயாளி இன்னமும் குணமாகிறார். கூட்டாளியும் தளர்ந்தால்தான் சிகிச்சை தோற்கிறது. கம்போடியாவில் அப்படி நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் மட்டும் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள். அப்படியொரு நோயில் கூட்டாளியும் தளர்வது சின்ன விஷயம் இல்லை.

ஏன் இரண்டு மருந்து? ஒரு மருந்திலிருந்து தப்பும் மாற்றம் நூறு கோடியில் ஒன்றுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்ப வேண்டுமானால் நூறு கோடி மடங்கு நூறு கோடியில் ஒன்று. உடம்பில் அவ்வளவு ஒட்டுண்ணிகளே கிடையாது. புது மருந்து தேடுபவர்களுக்குத் தலைவலியும் இதுதான்: ஒன்று கண்டுபிடித்தால் போதாது, அதற்கு ஒரு ஜோடியும் வேண்டும். டிஎஸ்எம்265 என்ற நம்பிக்கையான மருந்தைப் பெருவில் ஒரே வேளை தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு பேருக்கு நோய் திரும்பியது. வந்த ஒட்டுண்ணியில், மருந்து தாக்க வேண்டிய நொதியே மாறியிருந்தது. ஒரே பரிசோதனைக்குள்ளேயே! இதற்கு மேல், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்தில்லாமல், வெயிலில் கெடாமல், ஏழை நாடு வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒட்டுண்ணியைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த வடிகட்டலைத் தாண்டி வருபவை விரல்விட்டு எண்ணலாம்.

அப்படித் தாண்டி வந்தது கானாப்ளாசைட். ஆர்ட்டிமிசினின் இல்லாத கூட்டு. ஜோடி, உங்களுக்குத் தெரிந்த லூமிஃபான்ட்ரினேதான், நாளுக்கு ஒரு வேளை போதும் என்று மாற்றிய வடிவில். ஆப்பிரிக்காவில் நடந்த மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2025 நவம்பரில் வெளியானது. இப்போதைய சிகிச்சைக்குக் குறையாத பலன். கொசுவுக்குத் தாவும் பருவத்தையும் அது தாக்குகிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் பாதி, நீங்கள் எடுத்து வைக்க நினைக்கும் அதே மருந்து என்பதைக் கவனியுங்கள். லூமிஃபான்ட்ரினை இன்று கெடுத்தால், நாளைய மருந்தின் ஒரு காலும் ஒடியும்.

இனி நண்பர் விஷயம். வைவாக்ஸ் வகை கல்லீரலில் தூங்கும் வடிவமாகப் பதுங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்து எழும். ரத்தத்தில் உள்ளதைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. ஆக மூன்று மாதம் கழித்துத் திரும்பியதற்கு மருந்து எதிர்ப்பு காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு; பதுங்கியது எழுந்திருக்கலாம், அல்லது புதுக் கொசுக்கடி. அவருக்குத் தேவையான மருந்து ஏற்கெனவே இருக்கிறது: பிரைமாகுயின், சாதாரணமாக 14 நாள், அல்லது 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒரே வேளை டஃபினோகுயின். இரண்டுக்கும் முன்னால் ஜி6பிடி பரிசோதனை அவசியம். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகும். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் கூடாது. போன தடவை பிரைமாகுயின் கொடுத்தார்களா, 14 நாளும் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பாதிப் பேர் ஐந்தாம் நாளே மறந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

உங்களுக்கு அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விரைவுப் பரிசோதனை அட்டை, நோய் தீர்ந்த பிறகும் சில வாரம் 'இருக்கிறது' என்றே காட்டக்கூடும். அதனால் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபால்சிபாரம் திரும்பியிருந்தால் வேறு கூட்டு மருந்து தருவார்கள். என்ன மருந்து, என்றைக்கு, எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று அப்போது கேட்பார்கள். மாத்திரைக்குப் பதில், தேதி எழுதிய காலி அட்டையை எடுத்து வையுங்கள்.