தீபாவளிக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் பெருக்கித் துடைத்து, இரண்டு வேளைப் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருகிறார். மாதம் 3,500 ரூபாய். மார்ச்சில் சேர்ந்தார். தீபாவளிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை. ஒரு புடவையும் 500 ரூபாயும் போதும் என்கிறார் மாமியார். கணவர் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்கிறார். எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவிலோ, ‘யாரும் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ரேட்டைக் கெடுக்க வேண்டாம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவுக்கு அவர் வாங்கிய 4,000 ரூபாய் அட்வான்ஸில் மாதம் 500 பிடித்தது போக இன்னும் 2,000 பாக்கி. அதைக் கழித்துக்கொண்டு கொடுக்கலாமா?
- வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரி. 3,500 ரூபாய், ரொக்கமாக. புடவை எடுக்க மனமிருந்தால் எடுங்கள், அது இந்தக் கணக்கில் சேராது.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆவணி பிறந்தால் எங்கள் பிரிவில் போனஸ் பேச்சைத் தவிர வேறு பேச்சே இருக்காது. நான் வேலை பார்த்த காலத்தில் போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், 8.33 வரும். வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். கம்பெனி, ஃபேக்டரி போன்ற இடங்களுக்கான சட்டம் அது, வீட்டு வேலைக்குப் பொருந்தாது. ஆனாலும் சென்னையில் பல வீடுகளில் ‘தீபாவளிக்கு ஒரு மாசம்’ என்பது சொல்லாமலே நடக்கிற வழக்கம்தான்.

அந்த அக்கா உங்கள் வீட்டை மட்டும் நம்பி இருக்க மாட்டார். நாலு வீடு என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தால் அவர் கைக்கு 14,000 ரூபாய் வரும். பிள்ளைகளுக்குத் துணி, பட்டாசு, அடகு வைத்த கம்மலை மீட்பது என்று ஏதோ ஒன்று ஒப்பேறும். நாலு பேரும் உங்கள் மாமியார் கணக்கில் கொடுத்தால் நாலு சின்தடிக் புடவையும் 2,000 ரூபாயும் கிடைக்கும். அந்த இரண்டாயிரத்தில் நாலு ரவிக்கை தைத்து, ஃபால்ஸ் அடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று உங்கள் டெய்லரிடமே கேட்டுப் பாருங்கள். அதிலும் பாதிப் புடவைகள் யாரோ கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்தவை. கடைப் பை மாறினாலும் மடிப்பு மாறாது. (இதை நான் சொன்னதாக மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.)

மார்ச்சில்தானே சேர்ந்தார் என்று எட்டு மாதத்துக்கு மட்டும் பங்கு பிரித்தால் 2,300 ரூபாய்ச் சொச்சம் வரும். கம்பெனியில் அப்படித்தான் போடுவோம், பைசா வரைக்கும். வீட்டில் அந்தக் கறார் வேண்டாம். போன மாதம் சேர்ந்தவர் என்றால் பாதி கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அரை வருஷம் தாண்டியவருக்கு முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸைக் கழிக்கவே கழிக்காதீர்கள். மாதம் 500 ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருக்கும் கடன் அது, இன்னும் நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். போனஸில் கழித்தால் கவரில் 1,500தான் இருக்கும், அவர் மனதில் அந்தத் தொகைதான் நிற்கும். முடிந்தால் தீபாவளி மாதம் அந்த 500ஐயும் பிடிக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: எப்போது கொடுப்பது? தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், முறுக்கு சுட்ட பாத்திரத்தையெல்லாம் தேய்த்து முடித்த பிறகு கவரை நீட்டுகிற வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் அவர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் எதை வாங்க முடியும்? வட்டிக்கு வாங்கியாவது பிள்ளைகளுக்கு அதற்குள் துணி எடுத்திருப்பார். உங்கள் பணம் அந்த வட்டிக்காரருக்குப் போகும். பத்துப் பதினைந்து நாள் முன்னாலேயே கொடுங்கள். ‘வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டால்?’ என்று குழுவில் யாராவது கேட்பார்கள். போகிறவர் முதல் நாள் வாங்கினாலும் மறுநாள் போவார். அந்த அக்கா கிறிஸ்தவராக இருந்தால், இப்போது வேண்டுமா, கிறிஸ்துமஸுக்கு வேண்டுமா என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு விஷயம். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் எல்லோருமாகச் சேர்ந்து ரேட் பேசுங்கள், நல்லதுதான். தன் ஆபீஸ் போனஸுக்கு ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு வைக்கச் சொல்லி எழுதிய ஆள் அந்தக் குழுவில் யாராவது உண்டா? பதில் போடாமல் விட்டுவிடுங்கள். உங்கள் கவரில் என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். 2007இல் அமைத்த வாரியம் அது. பிள்ளைகள் படிக்கிற வகுப்பைப் பொறுத்துக் கல்வி உதவித்தொகை உண்டு, 60 வயதானால் ஓய்வூதியம் உண்டு. ஜூன் மாதம் உங்களிடம் கை நீட்டிய செலவில் கொஞ்சமாவது அங்கே கிடைக்கலாம். விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரை லேப்டாப்போடு உட்காரச் சொல்லுங்கள், அவர்தான் நம் கட்சி ஆயிற்றே.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கம்பெனி மூலம் இரண்டு பெண்கள் வந்து வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு தடவைக்கு 160 டாலர். ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, வருஷக் கடைசியில் கொடுத்தால் போதுமா?
- வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: கம்பெனி மூலம் இல்லாமல் ஒரே ஆள் நேரடியாக வந்து செய்துகொடுப்பவர் என்றால், டிசம்பரில் ஒரு தடவைக்கான கூலியைக் கூடுதலாகக் கொடுப்பது அந்த ஊரில் பரவலான வழக்கம். உங்கள் பக்கம் இருக்கும் என் மகள் அப்படித்தான் செய்கிறாள். உங்களுக்கு அது ஒத்துவராது. வருஷம் முழுக்கத் தேய்த்தவர் ஒருவர், டிசம்பரில் வாங்குபவர் இன்னொருவர் என்றாகிவிடும். பில்லில் ஏற்கெனவே டிப்ஸ் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் 15 சதவீதம், அதாவது 24 டாலர். ஆளுக்குப் பன்னிரண்டாகப் பிரித்து அவரவர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்து ‘பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: வேலை செய்யும் அம்மாவுக்கு எங்கள் பழைய சோபாவைக் கொடுத்தால் போனஸில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடாது. அவர் வீட்டில் அதைப் போட இடமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், ஏற்றிப் போகும் வண்டி வாடகையையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.