முட்டையிட்டதும் பசிபிக் சால்மன் ஏன் சாகிறது?

கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து நீந்திய களைப்பில் சாகிறது என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும். அது பாதி உண்மை. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் கோக்கனி சால்மனும் முட்டையிட்டதும் சாகிறது.

முக்கியக் காரணம் கார்டிசால். இனப்பெருக்க உறுப்புகள் முதிரும்போது, தலைச் சிறுநீரகத்திலுள்ள (மீனின் சிறுநீரகத்தின் முன்பகுதி) திசு இந்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தசைப் புரதத்தைக் கரைத்து ஆற்றலாக்குவது அதுதான். நோய் எதிர்ப்பைக் குலைப்பதும் அதுதான். ஆற்றுக்குள் நுழைந்த சாக்கை சால்மன் (பசிபிக் சால்மனில் ஓர் இனம்) இரை எடுப்பதில்லை. வயிற்றைக் கீறிப் பார்த்தால் இரைப்பை சுருங்கி வெறுமையாக இருக்கும். சதையின் சிவப்பு நிறமி தோலுக்கும் முட்டைக்கும் போய்விடுவதால் சதை வெளிறி நீர்கோத்திருக்கும். கடைசியில் தோலில் வெள்ளைப் பஞ்சுபோல் சப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூஞ்சை படரும்.

இதற்கு நல்ல சான்று 1961-இல் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு. கோக்கனியின் இனப்பெருக்க உறுப்புகளை, அவை வளரத் தொடங்குமுன்பே நீக்கினார். வழக்கமாக 4 வயதுக்குள் முடியும் ஆயுள், சில மீன்களுக்கு 8 வயதுவரை நீண்டது. ஆக, சாவைத் தூண்டுவது முதுமையைவிட இனப்பெருக்க முதிர்ச்சிதான்.

அட்லாண்டிக் சால்மனிலும் கார்டிசால் ஏறும். ஆனாலும் ஒரு பகுதி, பெரும்பாலும் பெண் மீன்கள், பிழைத்துக் கடலுக்குத் திரும்பும்.

முட்டையிடுமுன்பே சாவது வேறு கதை. அங்கே முதலில் பார்க்கவேண்டியது நீரின் வெப்பம். கனடாவின் பிரேசர் ஆற்றுச் சாக்கைக்கு 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து கூடும்: இதயம் திணறும், ஒட்டுண்ணிகளும் வேகமாகப் பெருகும்.