மாங்குளத்து அக்கா பதில்கள்: கூட எழுதுகிற ஆள்

போன மாதம் காணி உறுதி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "இரவில் ரோல்பிளே எழுதுகிற ஆள் நான், எனக்கு நித்திரை குறைவு" என்று ஒரு வரியைக் கைதவறி விட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் காணி உறுதிக்கு வந்ததைவிடக் கூட. ஆசிரியர், "இந்த மாதம் இதையே வைத்துக்கொள்ளுங்கோ" என்றார். சரி. கடையை மூடி, உலையை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கேள்வி: ரோல்பிளே என்றால் என்ன? வேலைவெட்டி இல்லாதவர்களின் விளையாட்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா*

சேர், வேலைவெட்டி எனக்கு நிறைய. மாங்குளம் சந்தியில் போட்டோகொப்பிக் கடை. முல்லைத்தீவு ரோட்டால் வருகிறவர்கள் ஏ9 பஸ்ஸுக்கு மாறும் இடம் என் கடை வாசல்தான். பகல் முழுக்க அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொப்பி அடித்த கைக்கு இரவில் வேறு ஏதாவது வேண்டும்.

விஷயம் இதுதான். இரண்டு பேரோ ஐந்து பேரோ சேர்ந்து ஒரு கதை எழுதுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம். என் ஆள் செய்வதையும் சொல்வதையும் நான் எழுதிப் போடுவேன். அதை வாசித்துவிட்டு மற்றவர் தன் ஆளை எழுதுவார். முடிவு ஒருவருக்கும் தெரியாது. இதற்கு மூலம், 1974இல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்டிலும், பலர் ஒரே நேரத்தில் கணினியில் எழுத்தாலேயே விளையாடும் 'மட்' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அப்புறம் மின்னஞ்சல், இப்போது டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலி. நாங்கள் எழுதுவது அதில்தான்.

கேள்வி: அக்கா, நானும் ஒரு வருடமாக எழுதுகிறேன். ஆறேழு பேரோடு எழுதிப் பார்த்துவிட்டேன், ஒருவரோடும் சரிவரவில்லை. கூட எழுத நல்ல ஆளை எப்படி அறிவது? தமிழ் வடிவாக எழுதத் தெரிந்தால் போதுமா?
*ஒரு தங்கச்சி, கனகராயன்குளம்*

போதாது பிள்ளை. என்னோடு எழுதியவர்களில் மிக வடிவாகத் தமிழ் எழுதியவரை நான் மூன்று கிழமையில் கைவிட்டேன். ஏன் என்று காட்டுகிறேன்.

என் கதை ஒரு குளத்துக் கிராமத்தில் நடக்கிறது. பழைய காலம். என் பாத்திரம் குளக்கட்டுக் காவல்காரி, வயது ஐம்பத்திரண்டு, யானை விரட்டிப் பழகியவள். நடுச்சாமம், மழை விட்டு ஒரு நாழிகை, குளக்கட்டில் ஓரிடத்தில் தண்ணீர் கசிகிறது. ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றிவந்த வண்டி ஒன்று கட்டடியில் நிற்கிறது. நான் எழுதிய கடைசி வரிகள் (துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற கதவு): "துருசடியில் நின்று லாந்தரைத் தூக்கிப் பிடித்தாள். மற்றக் கையில் மண்வெட்டி. 'ஆர் அது?'"

அந்த வடிவான தமிழ்க்காரர் ஒரு முழத்துக்கு மழையை வர்ணித்தார். நல்ல வர்ணனை, பொய் சொல்லக்கூடாது. அதன்பிறகு இப்படி முடித்தார்: "அவன் பாய்ந்து மண்வெட்டியைப் பறித்தான். அவள் நடுங்கினாள். அவன் கண்களைக் கண்டதும் அவள் மனம் இளகியது. விடிவதற்குள் இருவரும் சேர்ந்து உடைப்பை அடைத்தார்கள்."

என் ஆள் நடுங்கினாளாம்! யானைக்கு நடுங்காதவள் உப்பு வண்டிக்காரனுக்கு நடுங்கினாளாம். இப்படி மற்றவருடைய பாத்திரத்தைத் தானே ஆட்டிவைப்பதற்கு எங்களுக்குள் கோட்மோடிங் என்று பெயர், கடவுள் வேலை பார்ப்பது. அதைவிட எனக்குக் கோபம், உடைப்பையும் அடைத்துவிட்டார். நான் இனி என்னத்தை எழுத?

அதே தொடக்கத்தைக் கொஞ்ச நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்தேன். ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற தங்கச்சி அவள். வந்த பதில் இவ்வளவுதான்:

"வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான். பேர் சொல்லவில்லை. லாந்தர் வெளிச்சத்தில் அவன் கை தெரிந்தது, முழங்கை வரை ஈரமண். 'உங்கட மண்வெட்டியில மண் ஒட்டேல்லை அக்கா,' என்றான். 'அப்ப கட்டை வெட்டினது ஆர்?'"

பிள்ளை, எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. நான் சும்மா கையில் கொடுத்து வைத்த மண்வெட்டியை அவள் கவனித்திருக்கிறாள். கட்டு தானாகக் கசியவில்லை, யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு புதுச் சங்கதியையும் வைத்துவிட்டாள். அவன் கையில் மண் ஏன்? அடைக்கப் பார்த்தானா, வெட்டினவனே அவன்தானா? என் ஆளின் மேல் ஒரு விரல் கூடப் படவில்லை. ஆனால் என் காவல்காரி இனிப் பேசாமல் நிற்க ஏலாது.

என் பெரியப்பா முள்ளியவளைப் பக்கத்துக் கூத்துகளில் பிற்பாட்டுக்காரர். ஆடுகிறவன் ஒரு வரியைப் பாடி ஓய்கிற இடத்தில் பிற்பாட்டு அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஆடுகிறவன் மூச்செடுப்பான், அடுத்த அடிக்குக் காலை வைப்பான். குரல் நல்லதென்று அடுத்த தருவுக்கும் இழுத்துக்கொண்டு போகிற பிற்பாட்டுக்காரரைப் பெரியப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து திட்டுவார். எனக்கு அப்போது விளங்கவில்லை. ரொறன்ரோக்காரியோடு எழுதத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

நான் மட்டும் திறமோ? இரண்டாம் வருடம் அவளுடைய வண்டிக்காரன் அழுதான் என்று நானே எழுதிப்போட்டேன். எனக்கு அந்த இடத்தில் ஓர் அழுகை வேண்டியிருந்தது. அவள் கதைக்குள் பழிவாங்கவில்லை, என் ஆளைக் குளத்துக்குள் தள்ளவில்லை. கதைக்கு வெளியே, ஓஓசி என்று நாங்கள் சொல்லுகிற பக்கத்தில், இப்படிப் போட்டாள்: "அக்கா, இவன் இப்ப அழமாட்டான். அழுகிற இடம் பிறகு வரும், நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். அந்த ஒரு வரியை மட்டும் மாத்துவீங்களோ?" மாற்றினேன். எட்டு மாதம் கழித்து அவன் அழுதான், செத்துப்போன நாம்பன் மாட்டுக்காக. நானும் கொஞ்சம் அழுதேன், அதை அவளுக்குச் சொல்லவில்லை.

கேள்வி: ஒரே வரியில் பதில் போடுகிறவரை என்ன செய்வது?
*ரியூசன் மாஸ்டர், பரந்தன்*

எந்த வரி என்பதைப் பொறுத்தது. "ம், சரி என்றாள்" என்றால் விட்டுவிடுங்கள். "ம், சரி என்றாள். கதவைத் திறக்கவில்லை" என்றால் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஒருவர் என்னோடு எழுதுகிறார். நல்லவர். இப்போது கதையைச் சண்டைக் காலத்துக்குக் கொண்டுபோவோம், பங்கர், செல்லடி எல்லாம் வைப்போம் என்கிறார். என்னால் ஏலாது. காரணம் சொல்லவும் விருப்பமில்லை. என்ன செய்ய?
*பெயர் வேண்டாம், விசுவமடு*

காரணம் சொல்லத் தேவையில்லை. "அது வேண்டாம்" என்று இரண்டு சொல் எழுதி அனுப்புங்கள். அடுத்து அவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். "ஏன், என்ன நடந்தது, சொல்லுங்களேன், எழுதினால் மனம் ஆறும்" என்று வந்தால் ஆள் கதைக்கு வரவில்லை, புதினம் கேட்க வந்திருக்கிறார். "சரி, அப்ப சந்தைக்குப் போவமா?" என்று வந்தால் விடாதீர்கள்.

ரொன் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இதற்கு நல்ல வழியொன்று சொல்லிவைத்தார். கோடு, திரை. கோடு போட்ட விஷயம் கதைக்குள் வரவே வராது. திரை போட்ட விஷயம் கதையில் நடக்கும், ஆனால் யாரும் எழுதிக் காட்டமாட்டார்கள், அடுத்த நாள் காலையிலிருந்து தொடங்குவார்கள். எழுதத் தொடங்கும் முன்னமே இரண்டு பேரும் தங்கள் கோடுகளைச் சொல்லிவிட்டால் பிறகு கூச்சம் இல்லை. என் பட்டியலில் முதலாவது, 2009. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ரொறன்ரோக்காரி இன்றுவரை அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது என் தங்கச்சி வீட்டுக்குள் முழங்கால் மட்டும் தண்ணீர். எங்கள் கதையிலோ அந்தக் கிழமைதான் குளக்கட்டு உடைய வேண்டும், அதற்காக நாலு மாதம் எழுதிக்கொண்டு வந்திருந்தோம். ரொறன்ரோக்காரியிடமிருந்து ஓஓசியில் ஒரு செய்தி: "அக்கா, செய்தி பாத்தன். கட்டை இப்ப உடைக்கவோ, விடவோ?" விடச் சொன்னேன். பங்குனி வரை கட்டு உடையாமலே நின்றது. அதுவரை இரண்டு பேரும் வெங்காய விலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

கேள்வி: திருச்சியிலிருக்கும் ஓர் அண்ணாவோடு எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்கு விளங்குதில்லை, அவர் எழுதுவது எனக்கு விளங்குதில்லை. விட்டுவிடவா?
*தம்பி, அளம்பில்*

விடாதே தம்பி, இதைப்போலப் பகிடி வேறெங்கும் கிடையாது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் கதைக்குள் வந்து, "சீக்கிரம் மதகைத் திற!" என்று எழுதினார். எங்களுக்கு மதகு என்றால் ரோட்டுக்குக் கீழே தண்ணீர் போகிற சின்னப் பாலம், பின்னேரத்தில் பெடியள் குந்தியிருந்து கதைக்கிற இடம். அதை எப்படித் திறப்பது? அவருக்கு மதகு என்றால் நாங்கள் சொல்லுகிற துருசு. இன்னொரு முறை, "மாமா அவளிடம் இரவு முழுக்கப் பேசினார்" என்று போட்டார். எங்கள் பக்கம் பேசுவது என்றால் ஏசுவது. பேச்சு விழுந்தது என்று நினைத்து, நான் என் ஆளை அழுது வீங்கிய முகத்தோடு காலையில் கிணற்றடிக்கு அனுப்பினேன். மாமா பாவம், பாசமாகக் கதைத்திருக்கிறார்.

பார்க்கவேண்டியது, விளங்காத சொல் வரும்போது உன் அண்ணா என்ன செய்கிறார் என்பதை. எங்களோடு எழுதியவர் "துருசு என்றால் என்னங்க அக்கா?" என்று கேட்டார், அடுத்த பதிலில் தன் பாத்திரத்தின் வாயில் அதைச் சரியாக வைத்தார். "அது தப்புத் தமிழ், மதகுதான் சரி" என்று பாடம் எடுத்தவரும் ஒருவர் இருந்தார். அவரோடு நான் ஒரு கிழமை கூட எழுதவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. இரவில் யாரோடோ கதை எழுதுகிறாள். ஆள் நல்லவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? போனைப் பறிக்கவா?
*ஒரு தாய், முறிகண்டி*

பறித்தால் அவள் களவாக எழுதுவாள். நானென்றால் முதலில் கதையைக் கேட்பேன். கச்சான் உடைத்துக்கொண்டு இருக்கிற நேரம், "உன்ரை ஆள் இப்ப எங்கை நிக்கிறாள்?" என்று கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்ல முடிந்தால் நல்லது. கதை ஒன்றும் இல்லாமல் ஆளைப் பற்றி மட்டும் கதை இருந்தால் யோசியுங்கள்.

நேர்மையாக எழுதுகிற ஆள் முதலிலேயே வயதைக் கேட்பார். பெரியவர் என்றால், சின்னப் பிள்ளை என்று தெரிந்ததும் காதல் கதைக்குப் போகமாட்டார், விலகியும் கொள்வார். பலரும் பார்க்கிற இடத்தில் எழுதுவார், வட்ஸ்அப் நம்பர் கேட்கமாட்டார். படம், பள்ளிக்கூடத்தின் பெயர், வீடு இருக்கிற இடம் ஒன்றும் கேட்கமாட்டார். "நித்திரை வருது" என்றால் "போய்ப் படு" என்பார், கோபிக்கமாட்டார். "அம்மாவிட்டைச் சொல்லாதை" என்று யாராவது எழுதியிருந்தால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை: ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்து, ஆளைத் தடுத்துவிட்டு, 1929க்கு அடியுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பிள்ளையை ஏசாதீர்கள், பிழை அவளுடையதல்ல.

கேள்வி: என்னோடு எழுதியவர் ஆறு மாதமாக இல்லை. சொல்லாமலே போய்விட்டார். காத்திருக்கவா?
*வாசகர், ஒட்டுசுட்டான்*

ஒரேயொரு செய்தி போடுங்கள்: "சுகமா? கதை இங்கே இருக்கு." இரண்டாவது போடாதீர்கள். அவருக்குக் கரண்ட் இல்லையோ, டேட்டா இல்லையோ, மனம்தான் இல்லையோ, எங்களுக்கு என்ன தெரியும். அந்தக் கதையை மூடிவைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்குங்கள். எனக்கும் அப்படி இரண்டு கிடக்கின்றன, ஒன்றில் ஒரு கலியாண வீடு பந்தலோடு நிற்கிறது.

சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் கண்டாவளைப் பக்கத்துத் தம்பி ஒருவன், வயல் செய்கிறவன். தை பிறந்ததும் எழுதுவான்: "காலபோக வெட்டுத் தொடங்குது. மாசி முடியத்தான் வருவன்." அதோடு நிற்கமாட்டான். போகும் முன் தன் பாத்திரத்துக்குக் காய்ச்சல் வரவைத்து, மருதமரத்துக்குக் கீழே ஒரு கொட்டிலில் படுக்கவைத்துவிடுவான். நாங்கள் அவனுக்காகக் காவல் இருக்கத் தேவையில்லை, கதை தன்பாட்டில் போகும். யாராவது இடையில் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவோம்.

இந்த வருடம் சொன்னதைவிட ஒன்பது நாள் பிந்தினான். வெட்டு மெசினுக்குக் காத்திருந்தானாம். நேற்றிரவு வந்து போட்ட வரி:

"காய்ச்சல் விட்டிட்டுது. கொட்டிலுக்கு வெளியில வந்து பாத்தான். மாடு நிக்கேல்லை. 'கயித்தை அவிட்டது ஆர்?'"

சோறு இறக்கியாகிவிட்டது. நான் போய் அந்த மாட்டைத் தேடவேண்டும்.