மீதி ஆறு மார்க் எங்கே?

கேள்வி: அக்கா, நாங்கள் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கில் படு கெட்டி. மூன்றாம் வகுப்பிலேயே, ரப்பர் ஷீட் விற்ற துண்டுச்சீட்டைப் பார்த்து, கடைக்காரர் கூட்டலில் விட்ட தப்பைச் சொன்னவள். நூற்றுக்கு நூறு எடுத்தால் நூறு ரூபாய் தருவேன், குறைந்தால் சத்தம் போடுவேன். இப்போது கணக்கு நோட்டையே தொடுவதில்லை. 94 வாங்கிய தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாள். போட்டித் தேர்வு என்றாலே வயிற்றுவலி என்கிறாள். கண்டிப்பைக் கூட்டவா, அவள் போக்கில் விட்டுவிடவா?
- பெயர் வேண்டாம், திருவட்டார்

பதில்: வயிற்றுவலியை முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நடிப்பு என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து அந்த நூறு ரூபாய். 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர், படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகள் சிலரிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடப் பாதியாக இருந்தது. உங்கள் மகள் துண்டுச்சீட்டைப் பார்த்தபோது யாரும் காசு தரவில்லையே!

வீட்டில் ‘நீ அறிவாளி’ என்றும் அடிக்கடி சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், அப்படிப் புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் அவ்வளவு தளரவில்லை. நான் கணக்கு டீச்சராக இருந்தபோது, கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் ஒரு தப்புக்குத் தாளே ஓட்டையாகும்வரை அழிப்பார்கள். மற்றவர்கள் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

கண்டிப்பா, விடுவதா என்று இரண்டை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? 1960களிலேயே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: ஒழுங்கு உண்டு, அதற்குக் காரணமும் சொல்லப்படும், பிள்ளையின் பேச்சுக்கும் காதுகொடுப்பார்கள். படிக்கும் நேரம், தூங்கும் நேரம், செல்போன் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சட்டமாக இருக்கட்டும், தப்பில்லை. மார்க்குக்குக் காசும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். தாள் வந்தால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், தப்பான கணக்கைக் காட்டி, “மக்களே, இதில் எங்கே வழி மாறிப்போச்சு?” என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு புரியாவிட்டால் ரொம்ப நல்லது, அவள் சொல்லித்தரட்டும்.

போட்டித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால், சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.