என்யுஎஸ், பதக்கம் இல்லாத பிள்ளைக்கு

தம்பி, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்து ஆறு மாதம் ஆகிறது, மகள் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாவது, ஒலிம்பியாட், பதக்கம் எதுவும் இல்லை, என்யுஎஸ்ஸில், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கலாம். ஆனால் அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்பதை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் குடியிருப்பதால் மட்டும் உள்ளூர் வரிசைக்குப் போய்விட முடியாது. படித்த சான்றிதழை வைத்துத்தான் பிரிவு: ஏ லெவல் (இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி), பாலிடெக்னிக் டிப்ளமோ, ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம், இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பு. ஏ லெவல் முடிவு பிப்ரவரி வாக்கில் வரும், அவர்களுக்கு மார்ச் வரை நேரம் உண்டு. சிபிஎஸ்இ முடிவு மே மாதம்தான். பக்கத்து வீட்டில் ஜூனியர் காலேஜில் ஏ லெவல் படிக்கும் பிள்ளையின் தேதியை நம்பி இருந்தால் கோட்டை விட்டுவிடுவீர்கள். அவள் பிரிவுக்கான தேதியையும், முடிவு வரும்வரை எந்த மதிப்பெண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதையும் பல்கலைக்கழகப் பக்கத்திலேயே பாருங்கள். நம் ஊர் மாதிரி பொதுக் கவுன்சிலிங் இங்கே கிடையாது. இங்குள்ள இன்னொரு பல்கலைக்கழகமான நன்யாங்குக்குப் போடுவதென்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

எல்லோரும் குழம்புவது ஐஜிபி பட்டியலில், அதாவது முந்தைய சேர்க்கையில் இடம் கிடைத்தவர்களின் கிரேடுகளைப் பல்கலைக்கழகம் வெளியிடும் பட்டியலில். ஒவ்வொரு படிப்புக்கும் 10வது, 90வது பெர்சன்டைல் என்று இரண்டு கிரேடு வரிசை போட்டிருப்பார்கள். 10வது என்பது கட்டாஃப் இல்லை. இடம் கிடைத்தவர்களில் பத்தில் ஒருவர் அந்த அளவிலோ அதற்குக் கீழேயோ இருந்தார், அவ்வளவுதான். மருத்துவத்தில் இரண்டு வரிசையும் ஒன்றே, எல்லாம் ஏ. இந்தப் பட்டியலே ஏ லெவல், பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கானது. மகளின் 95 சதவீதத்தை அதில் பொருத்திப் பார்க்காதீர்கள். 2026 சேர்க்கையிலிருந்து ஏ லெவல் மொத்தப் புள்ளியே 90இலிருந்து 70 ஆகிவிட்டது, ஆகவே அலுவலகத்தில் யாராவது "90க்கு 87.5 வேண்டும்" என்றால் அது பழைய கணக்கு.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை, இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ‘கவிதா எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’ என்று இருந்தால் விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பெயரையே போடுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று பள்ளியிடம் இப்போதே கடிதம் வாங்கி வையுங்கள்; பள்ளி விடுமுறையில் அலைய முடியாது.

விண்ணப்பத்தில் சிறு கேள்விகளுக்கு எழுதும் பதில்தான் பதக்கம் இல்லாத பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ளும் பகுதி. "தலைமைப் பண்பு வளர்ந்தது" என்று எழுதினால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். சமூக மன்றத்தில் சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள் என்று வையுங்கள். பின்னம் புரியாத பையனுக்குப் பராட்டாவை எட்டாகக் கிழித்துக் காட்டினாள், யாருக்கு எந்தக் கணக்குத் தப்புகிறது என்று ஒரு சின்ன நிரல் எழுதிக் குறித்து வைத்தாள், மூன்றாவது வாரம் அது பெயர்களைக் கலந்துவிட்டது, எப்படிச் சரிசெய்தாள். இதை எழுதச் சொல்லுங்கள். கட்டணம் வாங்கி எழுதிக் கொடுப்பவர்களிடம் போகாதீர்கள், நாளை நேர்காணல் என்று அழைத்தால் அவள்தான் பேச வேண்டும்.

பணம். கல்விக் கட்டண மானியம் வாங்கினால் கட்டணம் வெகுவாகக் குறையும். பதிலுக்கு வெளிநாட்டு மாணவி பட்டம் முடித்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும், இரண்டு பிணையாளர்களும் கையெழுத்திட வேண்டும். மீறினால் மானியத்தை வட்டியோடு கட்டணும். இடம் கிடைத்த பிறகு பிணையாளர் தேட ஓடாதீர்கள்.

பிரிட்டனுக்கும் போடுவதாக இருந்தால் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில் ஐந்து விருப்பம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் போடலாம், கடைசி நாள் அக்டோபர் 15.

மகனும் இருக்கிறான் என்றீர்கள். குடும்பத்தோடு நிரந்தரவாசம் கேட்டு அவனுக்கும் கிடைத்தால், பதினெட்டு வயது வாக்கில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்றவற்றில் கட்டாயப் பணி, செய்ய வேண்டிவரும். விண்ணப்பப் படிவத்தில் அவன் பெயரைச் சேர்க்கும் முன் அதைப் பற்றி வீட்டில் பேசிவிடுங்கள்.