மீன்கள் நன்றாக இருக்க, டர்போ நத்தைகள் மட்டும் கவிழ்ந்து கிடப்பது

உங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் டர்போ நத்தைகள் (பாசி தின்னும் கடல் நத்தைகள்) மட்டும் ஏன் கவிழ்ந்துவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக உப்புக் கரைத்த நீரை ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் போதும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தண்டையார்பேட்டை வெயிலில், மின்விசிறியும் ஓடினால், உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

உங்கள் மீன்கள் தாங்குவதற்குக் காரணம், அவை உடலின் உப்பளவைத் தாமே சீர்செய்துகொள்வது. நத்தையால் அது முடியாது. வெளியே ஏறினால் அதன் உடலிலும் ஏறும்.

1. நீரின் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பாருங்கள். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 அளவில் இருக்க வேண்டும். 1.028-ஐத் தாண்டியிருந்தால், கொஞ்சம் தொட்டி நீரை எடுத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து, நாளொன்றுக்கு 0.001 வீதம் இறக்குங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால், அந்த அதிர்ச்சியே நத்தைகளைக் கொன்றுவிடும்.

2. கவிழ்ந்த நத்தையை நிமிர்த்திப் பாறையருகே வையுங்கள். பல நேரங்களில் தானாகத் திரும்ப அதற்கு வலுவிருக்காது. எடுத்து முகர்ந்தும் பாருங்கள். அழுகல் நாற்றம் வந்தால் உடனே அகற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீரில் நச்சான அமோனியா ஏறும்.

காசிமேட்டுத் துறைமுக நீரைக் கொண்டுவரும் எண்ணம் வேண்டாம். படகுகளின் டீசல் கலந்திருக்கும்.

ஒன்று மட்டும்: மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் எப்போதாவது ஊற்றியிருந்தால், உப்பைச் சரிசெய்வது மட்டும் பயன் தராது. தாமிரம் நத்தைகளுக்கு நஞ்சு, மணலிலும் பாறையிலும் படிந்து நிற்கும். அப்படியென்றால் மருந்தின் பெயரை எழுதுங்கள்.