பழைய ஆண்டெனாவில் கேபிள் பெட்டியை இணைத்தால் தூர்தர்ஷன் வருமா?

வராது. தாராவியில் மொட்டை மாடி ஆண்டெனாவை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

மும்பையில் 2012 அக்டோபர் இறுதியோடு கேபிள் டிஜிட்டலானது. அந்தப் பெட்டி கம்பியில் வரும் சிக்னலுக்கானது. ஆண்டெனாவில் பிடிக்கும் வான்வழி டிஜிட்டல் ஒளிபரப்பு வேறு முறை: அதன் பெயர் டிவிபி-டி2. மும்பை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் அதைத் தொடங்கியது. பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் சுமார் 50 தவிர மற்றவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டன.

அந்த அனலாக் காலத்தில் செய்தி வாசிப்பவரின் முகத்துக்குப் பக்கத்தில் வெளிறிய இன்னொரு முகம் தெரியுமே, நினைவிருக்கிறதா? தூர்தர்ஷனின் வொர்லி கோபுரத்திலிருந்து நேராக வந்த அலையும், ஏதோ கட்டடத்தில் மோதித் தாமதமாக வந்த அலையும் சேர்ந்து வரைந்த படம் அது. அம்மா கீழிருந்து "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று குரல் கொடுக்க, நான் கம்பியைப் பிடித்தபடி நின்ற மாலைகள் எத்தனையோ! டிஜிட்டலில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் முன்னால் சிறு இடைவெளி விடுகிறார்கள். எதிரொலி அதற்குள் அடங்கிவிடுகிறது. இரட்டை முகம் இல்லை. சிக்னல் குறைந்தால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எனக்கு இது அருமையான பொறியியல்.

உங்கள் டிவியின் கையேட்டில் டிவிபி-டி2 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீளக் கம்பி ஆண்டெனா, அலைநீளம் அதிகமான விஎச்எஃப் அலைவரிசைக்கானது. டிஜிட்டலுக்கு, அலைநீளம் குறைந்த யுஎச்எஃப் அலைவரிசைக்கான ஆண்டெனா வேண்டும். மாதக் கட்டணம் இல்லாமல் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷின் சிறிய தட்டே எளிய வழி.